நாலாவது போல்ட்

மே 24, சனி

இது 2012ஆம் வருடத்து டைரி. போல்ட் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்தது. பீரோவுக்கு அடியில் அட்டை கசங்காமல் கிடந்தது. புரட்டிப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. எறிய மனம் வரவில்லை. கிழமை பொருந்தாது, அதை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன். எதையும் எறியத் தெரியாத மனுஷன் என்று என் வீட்டுக்காரி சரசாள் என்னைத் திட்டுவது இதற்குத்தான்.

காலையில் மாமா வந்தார். எங்கள் அம்மாவின் தம்பி. அம்மா இப்போது இல்லை. வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் முன்னால்தான் பேசுவோம். இந்தத் தடவை அவரைக் கூப்பிட்டது நானில்லை, என் தம்பி மயில்சாமி.

நானும் அவனும் கணபதியில் இருபத்தாறு வருடமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம். முன்னால் எங்கள் லேத் பட்டறை. பின்னால் இரண்டு வீடு, ஒரே வாசல்.

"மயிலு தனியாப் போறேங்கறான். இருகூர்ல வீடு பாத்துட்டானாம். பட்டறையில அவம் பங்கைப் பிரிச்சுக் குடுத்துரு. ஆனி பொறந்துட்டாக் குடி போக முடியாது. வைகாசிக்குள்ள முடிச்சரோணும்" என்றார் மாமா.

மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. இருகூரில் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம். லேத்தில் நின்று நூலளவு பிசகாமல் கடைகிற கை. அந்தக் கை இனிமேல் கேட்டைத் திறந்து மூடப் போகிறது.

எங்கள் பக்கத்து வழக்கம், மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும். எந்தக் கூறு தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூத்தவன் ஒழுங்காகப் பிரிப்பான்.

"ஆரும் கை போட வேண்டாம். எல்லாத்தையும் நானே ஒதுக்கி வெக்கறேன்" என்றேன். கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மே 25, ஞாயிறு

முதலில் வீடு. பட்டறை எங்கே ஓடிவிடப் போகிறது.

பீரோவிலும் கட்டிலுக்கு அடியிலும் இருந்து எடுத்தவை: மூடியில்லாத மிக்ஸி ஜார் மூன்று, சுற்றாத டேபிள் ஃபேன் இரண்டு, யார் யார் கல்யாணத்திலோ கொடுத்த எவர்சில்வர் கிண்ணங்கள், சாவி இல்லாத பூட்டுகள், பூட்டு இல்லாத சாவிகள், துணி கிழிந்துபோன குடைகளின் கம்பி ஒரு கட்டு.

"இந்தக் கொடைக் கம்பிய வெச்சு என்ன பண்றதுங்க?" என்றாள் சரசாள்.

"ஒரு நாளைக்கு ஆகும்."

"அது எந்த நாளுன்னு சொன்னீங்கன்னா காலண்டர்ல குறிச்சு வெச்சுக்குவேன்."

அவள் சிரித்தாள். இந்த மூன்று மாதத்தில் இந்தக் காம்பவுண்டில் கேட்ட முதல் சிரிப்பு. சத்தம் எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்குமோ என்று அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் தாரிகாவின் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. மயில்சாமியின் ஒரே பெண். எங்களுக்குக் குழந்தை இல்லை. இல்லாத குறை தெரியாமல்தான் பன்னிரண்டு வருடம் ஓடியது, அவள் தூங்கியது பாதி நாள் எங்கள் வீட்டில். சைக்கிளை எந்தக் கூறில் வைப்பது? துடைத்து, திரும்பவும் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல் தாரிகா நோட்டோடு வந்தாள். இடது கையில் எழுதிப் பழகுகிறாள். மார்ச் மாதக் கடைசியில் ஆரம்பித்தது. தான் மட்டும் எழுதினால் வெட்கமாக இருக்கிறதென்று அவள் போட்ட சட்டம், நானும் இடது கையால்தான் எழுத வேண்டும். ஒரு பக்கம் அவள், எதிர்ப் பக்கம் நான்.

"பெரியப்பா, உங்க 'ழ'வப் பாத்தா எறும்பு செத்துக் கெடக்கறாப்டி இருக்குதுங்."

"உன்ற 'ழ' மட்டும் என்ன, நடக்குதாக்கும்?"

"என்றது எந்திரிச்சு உக்காந்துருச்சுங். நாளைக்கு நடக்கும் பாருங்."

எதிர் வீட்டில் இதெல்லாம் கிடையாது. மயில்சாமியின் மனைவி கோகிலா அவனோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டுத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். அதனால்தான் குழந்தை ஆறு அடித்ததும் இங்கே ஓடி வந்துவிடுகிறது.

மே 26, திங்கள்

பட்டறைப் பரணுக்கு ஏணி வேண்டும். ஏணியின் ஒரு படி ஆடுகிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

மே 28, புதன்

இன்றைக்குப் பட்டறையைத் திறந்தேன். பிப்ரவரிக்குப் பிறகு வாடகை வாங்குவது போல வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. அவசர வேலையை எல்லாம் வெளியே கொடுத்துவிட்டேன். உள்ளே மூன்று மாதத் தூசி. கம்பி வெட்டு, தேய்ந்த டூல், உடைந்த சக், பாதி கடைந்து நிறுத்திய ஷாஃப்ட், எந்த மெஷினுடையது என்றே தெரியாத கைப்பிடிகள். இருபத்தாறு வருடத்தில் இந்த வாசலுக்குள் நுழைந்த எதுவும் வெளியே போனதில்லை.

லேத்துக்குப் பின்னால் சுவர் ரேக். அதில் ஐம்பத்திரண்டு தகர டப்பா. போல்ட், நட், வாஷர், ஸ்க்ரூ எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று தேடினால் ஒன்பது கிடைக்கும், தேடியது மட்டும் கிடைக்காது. அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தாரிகாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு டப்பாவாகப் பிரித்துப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு மார்க்கரில் அச்சடித்தது மாதிரி எழுத்து. 'போல்ட் 6', 'போல்ட் 10', 'ஸ்ப்ரிங் வாஷர்', 'இதை என்னன்னே தெரியல'. நாற்பத்தொன்று ஒட்டியாகிவிட்டது. பதினொன்று பாக்கி.

அந்தப் பதினொன்றில்தான் அன்றைக்கு இருந்தாள்.

எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 23, ஞாயிறு. நான் லேத்தில் அவசர வேலை ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டூலில் ஏறி ரேக்கில் டப்பாக்களைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது ஸ்டூல் ஆடியது. பிடிமானத்துக்கு வலது கையை நீட்டினாள். கை விழுந்த இடத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டை மூடியிருக்க வேண்டிய தகரக் கார்டு அதில் இல்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

முந்தின நாள் சாயங்காலம் பெல்ட் மாற்றியது மயில்சாமி. கடைசியாக பெல்ட்டில் கை வைத்தவன்தான் கார்டை மாட்ட வேண்டும், அது பட்டறை முறை. அவன் மாட்ட மறந்துவிட்டான். இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவனும் அப்படித்தான் சொல்கிறான்.

மே 30, வெள்ளி

சரசாள் துடைப்பத்தோடு பட்டறைக்கு வந்துவிட்டாள். "நான் பரண் மேல ஏறித் தூசி தட்டறேன், நீங்க கீழ நின்னு வாங்குங்க" என்றாள்.

"உன்னைய ஆரு கூப்பிட்டா? போய் வேலையப் பாரு!"

முப்பது வருடத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை, நானும் கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பரணில் ஏறினேன்.

மேலே போட்டிருந்த சாக்கு, அதன் மேல் ஓட்டை வாளி, அதன் மேல் பழைய போர்டு எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. சாக்குக்கு அடியில் கார்டும் இருந்தது.

புதன்கிழமை எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. என் டைரியில் நானே பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதினேனோ தெரியவில்லை.

கார்டைக் கழற்றியது நான்.

தைப்பூசத்துக்கு மயில்சாமி பழனிக்கு நடந்து போயிருந்தான். அப்போது கார்டின் நாலு போல்ட்டில் ஒன்று எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மூன்று போல்ட்டில் தகரம் நாள் முழுக்கக் கடகடவென்று அடித்தது. சத்தம் தாங்காமல் மூன்றையும் கழற்றி, கார்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். அது எட்டு எம்.எம். போல்ட், ஆனால் நெருக்கமான நைஸ் மரை. கடையில் கிடைக்கிற சாதாரண போல்ட் அதில் பிடிக்காது. நான் லேத்துக்காரன். பத்து நிமிடத்தில் ஒன்று கடைந்து மாட்டியிருக்கலாம். ஆனால் ஐம்பத்திரண்டு டப்பாவில் ஒன்று இல்லாமலா போய்விடும், இருக்கிறதை விட்டுப் புதிதாக எதற்குக் கடைவது என்று விட்டுவிட்டேன். இந்த உலகத்தில் எந்த லேத்துக்காரனும் ஒரு போல்ட்டுக்காக இரண்டு வாரம் காத்திருக்க மாட்டான். குப்பை சேர்க்கிறவன்தான் காத்திருப்பான்.

மயில்சாமி காலெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்து ஒரு வாரம் படுத்திருந்தான். எழுந்து வந்த அன்றைக்கு, சனிக்கிழமை சாயங்காலம், பெல்ட்டை மாற்றச் சொன்னேன். பழைய பெல்ட்டை நானே கழற்றி வைத்திருந்தேன். அதோடு கார்டையும் கழற்றிப் பக்கத்தில் எங்கேயோ வைத்திருப்பேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். அந்தக் குப்பையில் எது எங்கே இருக்கிறது என்று யார் கண்டார்கள்? காலையில் தேடி மாட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டான். காலையில் அவன் எழுவதற்கு முன்னால் நான் மெஷினை ஓட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான். "நாந்தானுங்ணா மாட்டோணும். நாந்தான் மறந்துட்டேன். என்ற புள்ளையோட கைய நானே எடுத்துட்டனுங்ணா." கோகிலா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான்.

நான் என்ன செய்தேன்? அவன் தோளில் கை போட்டேன். "விடு மயிலு, விதி" என்றேன்.

அவன் பரணில் ஏறிவிடக் கூடாது என்பதற்குத்தான் எல்லாவற்றையும் நானே ஒதுக்குகிறேன் என்று சொன்னேன். இப்போது எழுதியாகிவிட்டது. எழுதியதால் ஒன்றும் குறையவில்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். தாரிகாவுக்கு எட்டாம் வகுப்பு. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 4, புதன்

பழைய இரும்பு எடுக்கிறவர் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். நானே எடுத்துப் போட்டேன். போடப் போடக் கை பழகிவிட்டது. ஃபேன் போயிற்று, ஜார் போயிற்று, குடைக்கம்பி போயிற்று. இருபத்தாறு வருடமாக 'ஒரு நாளைக்கு ஆகும்' என்று வைத்திருந்ததெல்லாம் அரை மணி நேரத்தில் போய்விட்டது.

"என்னுங்க, உங்க பட்டறையில இருந்து ஒரு ஆணி கூட வாங்க முடியாதே. இன்னைக்கு மழைதான் வரப் போகுது" என்றார்.

கடைசியாக, சாக்கில் சுற்றிய கார்டைப் போட்டேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியது.

கதவைச் சாத்தினேன். இனி யாருக்கும் தெரியாது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். எதிரே ரேக்கில் அவள் எழுத்து நாற்பத்தொரு டப்பாவில் இருந்து என்னைப் பார்த்தது.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெயின் ரோட்டில் பழைய இரும்பு வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடினேன். சிக்னலில் பிடித்துவிட்டேன்.

"அந்தச் சாக்கைக் குடுத்துருங்க."

"நாஞ் சொன்னனல்லங்க, உங்களால முடியாதுன்னு" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 6, வெள்ளி

மயில்சாமி வீட்டுச் சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று போனேன். கோகிலா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"மயிலு."

"சொல்லுங்ணா."

"இருகூருக்குப் போய்த்தான் ஆகோணுமா?"

கயிற்றைக் கட்டுவதை நிறுத்தினான். இளைத்துவிட்டான். சட்டை யாரோ கொடுத்தது மாதிரி தொங்கியது.

"கோகிலா பேசாதது எனக்குச் சங்கட்டமில்லீங்ணா. அவ எடத்துல நானிருந்தாலும் பேசமாட்டேன். ஆனா நீங்க ஒருத்தரு என்னைய ஒரு வார்த்தை சொல்லலீங்களே. அந்தப் புள்ளைய எங்களைவிட எச்சா வளத்துனது நீங்க. கன்னத்துல நாலு அறை விட்டிருந்தீங்கன்னாக் கூட இங்கயே கெடந்திருப்பேன். தெனமும் காத்தால உங்க மூஞ்சியப் பாக்கறதுதானுங்ணா எனக்குத் தாங்கல. அதாங் போறேன்."

சொல்ல வாய் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தப் பொட்டிக்கு இன்னொரு சுத்துக் கட்டு, அடி விட்டுரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நல்லவன் என்று நினைத்துத்தான் தம்பி என்னை விட்டுப் போகிறான்.

ஜூன் 7, சனி

கூறு போட்டேன். பட்டறைத் தரையில் நடுவே சாக்பீஸ் கோடு. இடது பக்கம் லேத்தும் அதன் சாமான்களும். வலது பக்கம் டிரில்லிங் மெஷின், கிரைண்டர், வெல்டிங் செட், வைஸ், ரேக்கோடு ஐம்பத்திரண்டு டப்பா. எடையும் மதிப்பும் சரியாக இருக்கிறது. இந்தப் பட்டறை இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. பெருக்கிவிட்டதும் நடக்க இடம் இருக்கிறது. முன்பே இப்படி இருந்திருந்தால் ஸ்டூலைத் தள்ளிப் போட்டிருப்பாள்.

கார்டைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். லேத்தின் மேல் வைத்தேன், அதோடு கிடந்த மூன்று போல்ட்டையும் பக்கத்தில் வைத்தேன். யார் வந்தாலும் முதலில் கண்ணில் படும்.

நாலாவது போல்ட்டைத் தேடினேன். பாக்கிப் பதினொரு டப்பாவையும் கொட்டி ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தேன். காலையில் ஆரம்பித்து சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த நைஸ் மரை போல்ட் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றைத் தேடச் சொல்லித்தான் அவளை ஸ்டூலில் ஏற்றினேன்.

ஆமாம், நான்தான் ஏற்றினேன். "எட்டு எம்.எம். போல்ட்டு ஒண்ணு தேடிக் குடு கண்ணு" என்று அன்றைக்குச் சொன்னது நான்தான்.

ஜூன் 8, ஞாயிறு

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். மயில்சாமி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். கோகிலா அவனுக்கு நாலடி தள்ளி நின்றாள். சரசாள் காபித் தட்டோடு வந்தாள். தாரிகா பின்னால் எங்கேயோ நின்றாள்.

"கூறு போட்டாச்சு. மயிலு, உள்ள வந்து எடுத்துக்க" என்றார் மாமா.

அவன் உள்ளே வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். பார்வை லேத்துக்கு வந்ததும் நின்றது.

"அது... அது எங்கிருந்துங்ணா கெடச்சுது? நான் எங்க வெச்சிருந்தேன்?"

"நீ வெக்கல மயிலு. நான் வெச்சேன். பரண் மேல. நீ பழனிக்குப் போயிருந்தப்பவே கழட்டிட்டேன். ஒரு போல்ட்டு இல்லைன்னு. நீ பெல்ட்டு மாத்தறப்ப அது இங்கயே இல்ல. நீ ஒண்ணும் மறக்கல. எல்லாம் நாந்தான்."

முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொல்லாததையும் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபித் தட்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

மயில்சாமி கேட்டான். "எத்தனை நாளாச்சுங்?"

"நூத்தி அஞ்சு."

நானும்தான் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"நூத்தி அஞ்சு நாளு" என்றான். "என்ற கைய வெட்டிப் போட்டுரலாம்னு எத்தனை நாளு நெனச்சிருப்பேன்னு தெரியுமுங்களா? நீங்க பாத்துட்டே இருந்தீங்க."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. லேத்துக்குப் போனான். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக அதன் மேல் கை வைத்தான். ஸ்பேனரை எடுத்து, கார்டைத் தூக்கிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று போல்ட்டை முடுக்கினான். நாலாவது துவாரத்துக்கு வந்ததும் வெறும் கையை நீட்டியபடி நின்றான். பழக்கம். எது வேண்டுமானாலும் கையை நீட்டுவான், நான் எடுத்துக் கொடுப்பேன். இருபத்தாறு வருடப் பழக்கம். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

அப்போது தாரிகா வீட்டுக்குள் ஓடினாள். ஜியாமெட்ரி பாக்ஸோடு திரும்பி வந்தாள். இடது கையால் திறந்து, அதிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து அவள் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

எட்டு எம்.எம். நைஸ் மரை.

"அன்னைக்கே கெடச்சுருச்சுங்" என்றாள். "பெரியப்பாகிட்டக் காட்டத்தான் திரும்புனேன். இந்த எடது கையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியில நர்ஸக்கா எடுத்துக் குடுத்தாங்க."

"இது கார்டு போல்ட்டுன்னு உனக்குத் தெரியுமா சாமி?" என்று கேட்டான் மயில்சாமி.

"தெரியுமுங்ப்பா. எதுக்கு இந்தப் போல்ட்டுன்னு கேட்டேன். கார்டு மாட்டறதுக்குன்னு பெரியப்பா சொன்னாங்க."

நான் சொன்னேனா? எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக நினைவில்லை.

"ஏஞ் சாமி அப்பாகிட்டச் சொல்லல?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பெரியப்பாவே சொல்லுவாங்கன்னு இருந்தனுங்."

நூற்றைந்து நாள். மார்ச் கடைசியிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நோட்டோடு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள். எறும்பு செத்துக் கிடக்கிறது என்று என்னைச் சிரிக்க வைத்திருக்கிறாள். வீட்டில் அம்மாவும் அப்பாவும் பேசாமல் இருக்கிற பாரத்தையும் சுமந்துகொண்டு, இன்றைக்குச் சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று காத்திருந்திருக்கிறாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை.

மயில்சாமி நாலாவது போல்ட்டை முடுக்கினான். கார்டைத் தட்டிப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

"இந்தக் கூறு எனக்குங் மாமா" என்று லேத்தின் மேல் கை வைத்தான். மாமாவிடம்தான் சொன்னான். என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

கோகிலா அந்த நாலடியைக் கடந்து அவன் பக்கத்தில் வந்தாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம். காத்தால இருந்து ஒண்ணும் சாப்புடல நீங்க" என்றாள். அவன் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

ஜூன் 9, திங்கள்

சரசாள் தட்டில் சோற்றைப் போட்டுத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

இன்றைய பக்கத்தைத் திருப்பினால் ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது. என் கையெழுத்துதான், நீல மையில்: 'மயிலுக்குப் பெண் குழந்தை. காலை 7.10. 2 கிலோ 800. நான்தான் முதலில் வாங்கினேன்.' 2012இல் இந்த டைரியில் எழுதியது இது ஒன்றுதான். எழுதியதே மறந்துவிட்டிருந்தேன். அதற்குக் கீழேதான் இதை எழுதுகிறேன்.

லேத்தைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். செக்யூரிட்டி வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டானாம், இருகூரில் சின்ன ஷெட் பார்த்திருக்கிறான். நல்லது. அவன் திரும்ப லேத்தில் நிற்க வேண்டும் என்றுதானே மூன்று மாதமாக வேண்டிக்கொண்டேன். தரையில் நாலு துவாரமும் எண்ணெய்க் கறையும் மிச்சம்.

சாமான் வண்டி கிளம்பும் முன் தாரிகா பட்டறைக்கு வந்தாள். பிறந்தநாள் பாவாடை போட்டிருந்தாள், பச்சை. ரேக் முன்னால் நின்று பெயர் ஒட்டாத டப்பாக்களை எண்ணினாள்.

"இதுக்கெல்லாம் ஆருங் எழுதறது?"

"நீதான் எழுதோணும் கண்ணு. அப்படியே வெச்சிருக்கறேன்."

ஒரு டப்பாவை எடுத்துத் திரும்ப வைத்தாள். "இப்ப வேண்டாமுங் பெரியப்பா" என்றாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று சக்கர சைக்கிளை எடுத்து வந்து வண்டியில் வைத்தேன். கோகிலா அதை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் வைத்தாள். "அவளுக்கு இனி எதுக்குங்க இது" என்றாள். மயில்சாமி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்துவிட்டது.

கோகிலா ஃபோன் செய்திருக்கிறாள், சரசாளுக்கு. லேத் ஓட ஆரம்பித்துவிட்டதாம். மயில்சாமி இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடுகிறானாம். புதுப் பள்ளிக்கூடத்தில் தாரிகாவை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்களாம். இதை எனக்குச் சொல்லத்தான் ஆறு நாளுக்குப் பிறகு சரசாள் வாயைத் திறந்தாள்.

"தாரிகா என்னையக் கேட்டாளா?" என்றேன்.

"இல்லீங்க."

வீடு துப்புரவாக இருக்கிறது. பட்டறையும்தான். எதை வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். எடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பதினொரு டப்பாவுக்கும் நான் பெயர் எழுதவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று தாரிகா என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பயம் என்று சொல்லியிருப்பேன். அதுவும் பொய்தான். மயில்சாமி அடிப்பான் என்றோ மாமா ஏசுவார் என்றோ எனக்குப் பயமில்லை. சொல்லிவிட்டால் மறுநாள் ஆறு மணிக்கு அவள் வரமாட்டாள். அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு நாள் வந்துவிட்டுப் போகட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளியே எழுபது சாயங்காலத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அந்தச் சாயங்காலமெல்லாம் எதிர் வீட்டில் அவள் அப்பா தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவை அவனுக்குச் சேர வேண்டியவை. மூத்தவன் கூறு போடுவதற்கு முன்னாலேயே தன் பங்கை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டான்.

எழுதிப் பழகிய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவளுடைய 'ழ' எழுந்து நடக்கிறது. எதிர்ப் பக்கம் காலி.

மணி ஆறு. பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.